சிக்லிட் மீன்களுக்குத் தொட்டி: லிட்டர் கணக்குக்கு முன்னால் தரைக் கணக்கு

கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி இறங்கும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமான குழிகள் வரிசையாகத் தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை ஜிலேபிக் கெண்டையின் ஆண் மீன்கள் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் தோண்டியவை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீனும், வீட்டுத் தொட்டிகளில் நாம் விலை கொடுத்து வாங்கி வளர்க்கும் ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன் ஆகியவையும் ஒரே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு ஆணும் தன் குழியைச் சுற்றி ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் நுழையும் இன்னொரு ஆணை விரட்டும். பெண் வந்து முட்டையிட்டு, அதை வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண் உரிமை கொண்டாடுவது தனக்கு மேலே நிற்கும் தண்ணீரின் ஆழத்தை அல்ல, தரையில் தன் பங்கான இடத்தை. சிக்லிட் மீனுக்குத் தொட்டி தேர்ந்தெடுக்கும் எவரும் இந்தக் குழிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அளவு சொல்ல ஆரம்பித்தால் பாதித் தொல்லைகள் வராது என்பது, சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பல ஆண்டுகளாக இம்மீன்களை வளர்த்துவரும் என்னுடைய எண்ணம்.

தொட்டியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்பதைத்தான். மீனின் கழிவைத் தாங்குவதற்குத் தண்ணீரின் அளவு முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிக்லிட்களைப் பொறுத்தவரை அந்த எண் மட்டும் பெரிதும் ஏமாற்றும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 6 கன அடி, அதாவது ஏறத்தாழ 170 லிட்டர். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியும் அதே 6 கன அடிதான், அதே 170 லிட்டர்தான். ஆனால் முதல் தொட்டியின் தரைப் பரப்பு 3 சதுர அடி, இரண்டாவதன் தரைப் பரப்பு 6 சதுர அடி. எல்லை பிரித்துக்கொண்டு வாழும் மீனுக்கு இரண்டாவது தொட்டி முதலாவதைப் போல இரு மடங்கு பெரியது. போதாக்குறைக்கு, விற்பவர் சொல்லும் லிட்டர் கணக்கு கண்ணாடியின் வெளி அளவை வைத்துப் போடப்படுவது. கண்ணாடியின் தடிமன், மேலே விடும் இடைவெளி, மணல், பாறை எல்லாவற்றையும் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் அதிலிருந்து நன்றாகவே குறைந்துவிடும்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வீடு மாறிப்போன உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற, மேலே சொன்ன அதே 3-1-2 அளவுள்ள உயரமான தொட்டியில்தான் மலாவி ஏரியின் பாறைவாழ் சிக்லிட்களான எல்லோ லேப்களும் ரெட் ஜீப்ராக்களும் என்னிடம் முதலில் இருந்தன. குட்டிகளாக இருந்தவரை அவை தொட்டி முழுவதும் ஓடியாடின. நான்கு விரற்கடை நீளத்தை எட்டியதும் காட்சி மாறியது. ஒரு ரெட் ஜீப்ரா ஆண் கீழே இருந்த பாறைக் குவியல் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. மற்றவை எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலும் மூலைகளிலும் துடுப்புகள் கிழிந்தபடி ஒண்டிக்கொண்டு நின்றன. மேல்மட்டம் அவற்றுக்குக் கிடைத்த கூடுதல் இடம் என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். உண்மையில் அது ஒளிவதற்கு ஒன்றுமில்லாத வெறும் தண்ணீர். துரத்தப்பட்ட மீன் வேறு போக்கிடம் இல்லாமல் நிற்கும் இடம்.

பின்னர் அதே மீன்களை 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டிக்கு மாற்றினேன். புதுத் தொட்டிக்குள் எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் இறங்கின. பாறைகளும் புதிதாக அடுக்கப்பட்டிருந்தன. இந்த இரண்டும் பழைய எல்லைகளை அழித்துவிடும் என்பதால் சண்டை குறைந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் மாதங்கள் கடந்த பிறகும் அமைதி நிலைத்ததற்குக் காரணம் தரைதான் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பெரிய ஆண் இடப்பக்கக் குவியலை எடுத்துக்கொண்டது. இன்னொரு ஆண் வலப்பக்கத்தில் ஒரு குகையைப் பிடித்தது. எல்லோ லேப்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள பாறை இடுக்குகளில் மேய்ந்தன. துரத்தல் நின்றுவிடவில்லை, ஆனால் துரத்தப்படும் மீன் பாறையின் மறுபுறம் போய்க் கண்ணுக்கு மறைந்தவுடன் துரத்துவது அதை விட்டுவிட்டுத் திரும்பியது.

இங்கே அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொட்டி வாங்குபவர்கள் நீளத்தையும் உயரத்தையும் பேசிவிட்டு அகலத்தைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். 1 அடி அகலமுள்ள தொட்டியில் பாறைகளை உறுதியாக அடுக்க முடியாது. 1 அடி உயரத்துக்கு ஒரு குவியல் நிலையாக நிற்க வேண்டுமானால் அதன் அடிப்பாகம் ஏறத்தாழ அதே அளவு அகலம் கேட்கும்; ஒடுக்கமான தொட்டியில் அந்தக் குவியல் முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ சாய்ந்துதான் நிற்கும், பின்புறமாக மீன் சுற்றிவரப் பாதையும் இருக்காது. ஒன்றரை அடி அகலம் கிடைத்தால் குவியலை நடுவில் வைத்து நாற்புறமும் வழி விடலாம். அப்போதுதான் பாறை மறைப்பாகவும் வேலிக்கல்லாகவும் பயன்படும். பாறைவாழ் சிக்லிட்கள் பாறையின் மேல் படியும் பாசியைச் சுரண்டி மேய்பவை என்பதால், குவியல் மேல்நோக்கி உயர்ந்தால் அந்த உயரத்தையும் அவை பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே உயரம் அவற்றுக்கு அறவே வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த உயரத்தைப் பயனுள்ளதாக ஆக்குவது அகலம் தாங்கிநிற்கும் பாறைதான். பாறைகளை மணலின் மேல் வைக்காமல், தொட்டியின் அடியில் மெல்லிய தெர்மாகோலோ பிளாஸ்டிக் தட்டியோ போட்டு, அதன்மேல் நேராக அமர்த்திவிட்டுப் பிறகு மணலைப் பரப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இவை ஓயாமல் தோண்டுபவை. அடி மணலைப் பறித்துவிட்டால் குவியல் சரிந்து கண்ணாடியில் விழும்.

பெரிய மீன்களுக்கு அகலம் வேறொரு காரணத்தால் தேவைப்படுகிறது. கடையில் இரண்டு அங்குலக் குட்டியாக விற்கப்படும் ஆஸ்கர் நல்ல தீனியில் வெகுவேகமாக வளர்ந்து 30 சென்டிமீட்டரைத் தொடும், சில அதைத் தாண்டவும் செய்யும். 1 அடி என்பது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அப்படியானால் 1 அடி அகலத் தொட்டியில் வளர்ந்த ஆஸ்கர் தன் உடல் நீளத்துக்குச் சமமான இடத்தில் வளைந்து வளைந்துதான் திரும்ப வேண்டும். ஒன்றரை அடி அகலம் அதற்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லை; 2 அடிதான் நியாயமான அகலம். பலரும் 4-2-2 அளவைப் பரிந்துரைப்பார்கள், அது 450 லிட்டரை ஒட்டி வரும். வீட்டில் அந்த எடையை வைக்கத் தயங்குபவர்களுக்கு நான் 4-2-ஒன்றரை என்ற அளவைச் சொல்வேன். 340 லிட்டருக்குள் அடங்கிவிடும் அந்தத் தொட்டியில் மீனுக்குக் கிடைக்கும் தரை அதே 8 சதுர அடி. குறைக்கப்பட்டது ஆஸ்கர் அதிகம் பொருட்படுத்தாத உயரம் மட்டுமே. தண்ணீர் குறைவாக உள்ளதால் ஃபில்டரையும் வாராவாரம் தண்ணீர் மாற்றுவதையும் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆஸ்கர் மீன் உண்பதும் கழிப்பதும் மிக அதிகம்.

ஃப்ளவர்ஹார்ன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட இந்த மீனை வாஸ்துவுக்காகவும் தொழில் விருத்திக்காகவும் வாங்குபவர்கள், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கும் அளவுக்கு ஒன்றரை அடிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பொருத்திவிடுகிறார்கள். மீனின் நெற்றித் திமில் வளர்ந்து அழகு கூடும் நேரத்தில் அதற்குத் திரும்ப இடமிருக்காது. இதைத் தனியாகவே வளர்க்க வேண்டும், பாறையோ செடியோ அதற்குத் தேவையில்லை, ஆகையால் 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட தொட்டியிலேயே வாழ்ந்துவிடும். ஆனால் அதற்குக் கீழே போவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தரைதான் முக்கியம் என்ற விதிக்குத் தெளிவான விலக்கு ஏஞ்சலும் டிஸ்கஸும். ஏஞ்சலின் உடல் தட்டையானது. மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் நீண்டு விரிவதால் வளர்ந்த மீன் நீளத்தைவிட உயரம் மிகுந்ததாக நிற்கும். ஒன்றரை அடிக்குக் குறைந்த உயரத்தில் அதன் கீழ்த்துடுப்பு மணலில் உரசும். தென்னமெரிக்க ஆறுகளில் நீருக்குள் அமிழ்ந்த வேர்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே செங்குத்தாக நழுவிச் செல்வதற்கு அமைந்த உடல் அது. முட்டையிடுவதும் நிமிர்ந்து நிற்கும் இலையிலோ குழாயிலோதான். மலாவி மீன்களை மாற்றிய பிறகு காலியான அந்த உயரத் தொட்டியில் நான் ஏஞ்சல் ஜோடியை விட்டேன். சிறிது காலத்துக்கு முன் அடிதடிக் களமாக இருந்த அதே பெட்டி அவற்றுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. தொட்டியில் நல்லது, கெட்டது என்று தனியாக ஒன்றும் இல்லை. எந்த மீன் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதுதான் கேள்வி.

மறுமுனையில் இருப்பவை தாங்கனிக்கா ஏரியின் சங்குவாழ் சிக்லிட்கள். ‘மல்டி’ என்று வளர்ப்பவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ் 5 சென்டிமீட்டரைக்கூடத் தாண்டுவது அரிது. ஏரியின் அடியில் கொட்டிக் கிடக்கும் காலி நத்தை ஓடுகளுக்குள் குடியிருந்து, அதற்குள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக் கூட்டமாகப் பெருகும். இவற்றுக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அடி உயரம் தாராளம். நம் வயல்களில் கிடைக்கும் பெரிய நத்தைகளின் ஓடுகளைப் பொறுக்கி, நன்றாகக் கொதிக்க வைத்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் கழுவிப் போட்டாலே ஏற்றுக்கொள்கின்றன. மீன்களின் எண்ணிக்கையைவிட ஓடுகளின் எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும். ஓட்டை அவை விரும்பிய கோணத்தில் புதைத்துக்கொள்ள இரண்டு அங்குல மணல் வேண்டும். இந்தக் குட்டி மீன்கள் தத்தம் ஓட்டைச் சுற்றிச் சில அங்குல எல்லைக்குக் காட்டும் வீராப்பைப் பார்த்தால், தரைக்கும் சிக்லிட்டுக்கும் உள்ள உறவு ஒரே பார்வையில் விளங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தொட்டி எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் காட்டுவேன்.

நடுத்தர அளவுகளில் கான்விக்ட் போன்ற ஜோடி சேரும் மீன்களுக்கு 3 அடி போதும், ஆனால் ஜோடி மட்டும்தான் இருக்க வேண்டும். குஞ்சு பொரித்ததும் அவை தொட்டியில் பாதிக்கு மேல் உரிமை கோரும். அங்கே நான்காவது, ஐந்தாவது மீனாக இருப்பது கொடுமை. மணற்பரப்பின் மேல் திறந்த நீரில் நீந்தும் பீக்காக் வகைகளும் அவற்றைவிடப் பெரிதாக வளரும் மற்ற மலாவி மீன்களும் 5, 6 அடி நீளம் கேட்பவை.

வடிவத்தைப் பொறுத்தவரை நீள்செவ்வகத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. அறுகோணத் தொட்டி, தூண் போன்ற உருளைத் தொட்டி ஆகியவை கூடத்தில் எடுப்பாகத் தெரியும். சிக்லிட்டுக்கு அவற்றில் தரையும் குறைவு, நேராக நீந்தும் தூரமும் குறைவு, எந்த இடத்தில் நின்றாலும் எதிரியின் பார்வையில் படும் நிலை. எல்லாப் பக்கமும் 2 அடியுள்ள கனசதுரத் தொட்டி 226 லிட்டர் கொள்ளும், 4-ஒன்றரை-ஒன்றரைத் தொட்டியின் 255 லிட்டருக்கு அதிகம் குறைந்ததில்லை; ஆனால் அதில் ஒரு மீன் தப்பி ஓடக்கூடிய மிக நீண்ட தரைவழித் தூரமே 3 அடிக்கும் குறைவு. ஒரு ஜோடிக்கு அது பொருந்தும், கூட்டத்துக்குப் பொருந்தாது. முன்பக்கம் வளைந்த கண்ணாடித் தொட்டி மீனுக்குத் தீங்கு செய்வதில்லை, பார்ப்பவர் கண்ணுக்குத்தான் மீன் நெளிந்து தெரியும். அதன் வளைவுக்கு ஏற்ற மூடி கிடைப்பதும் கடினம். சிக்லிட்கள் துள்ளக்கூடியவை என்பதால் மூடியில்லாத தொட்டி எனக்கு ஏற்புடையதல்ல.

உயரத்துக்கு எதிராக என்னிடம் இன்னொரு வாதமும் உண்டு. அது நம் ஊர் வெயிலிலிருந்து பிறப்பது. தண்ணீரில் பிராணவாயு கலப்பது பெரும்பாலும் அதன் மேற்பரப்பு வழியாகத்தான். 25 பாகை செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்கு அதிகபட்சமாக ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னுள் வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். சென்னைக் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். மின்சாரமும் நின்றுபோனால் மீனுக்கு மிஞ்சுவது மேற்பரப்பு மட்டும்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு மின்சாரம் இல்லாமல் கழிந்த நேரத்தில் இதை நேரடியாகக் கண்டேன். அகலமான மலாவித் தொட்டியில் மீன்கள் சோர்ந்திருந்தாலும் அடியிலேயே நின்றன. உயரமான தொட்டியின் ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்து அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வெயிலும் மின்வெட்டும் உள்ள ஊரில் உயரமான தொட்டி வைப்பவர், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடியும் இதே பக்கம்தான் பேசுகிறது. முன் கண்ணாடியின் மேல் தண்ணீர் தரும் மொத்த அழுத்தம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; ஒன்றரை அடியை 2 அடியாக்கினால் அந்தத் தள்ளுவிசை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். அதனால்தான் ஒன்றரை அடி உயரத்துக்கு 8 மி.மீ. கண்ணாடி போடும் அதே கைவினைஞர், 2 அடிக்கு 10 அல்லது 12 மி.மீ. கேட்பார், விலையும் அதற்கேற்ப ஏறும். கொளத்தூர்ப் பகுதியில் தொட்டி ஒட்டித் தருபவர் ஒருவரிடம் நான் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டச் சொன்னபோது, “சார், உயரமா இருந்தாத்தான் ஹால்ல எடுப்பா இருக்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் 2 அடி உயரத் தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யத் தோள்வரை கையை நனைத்து, ஸ்டூலில் ஏறி நின்று தடவுபவர் அவரல்லர்.

எடையையும் கணக்கிட்டுவிட வேண்டும். 4-ஒன்றரை-ஒன்றரைத் தொட்டி, பாறை, மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவை நெருங்கும். தளத்தின் ஒவ்வொரு சதுர அடியிலும் விழும் சுமையைத் தீர்மானிப்பது தண்ணீரின் உயரமே: ஒன்றரை அடித் தண்ணீர் சதுர அடிக்கு 42 கிலோ, 2 அடித் தண்ணீர் 57 கிலோ. வீட்டு அறைகளுக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்கு ஏறத்தாழ 19 கிலோ. இது தளம் முழுவதும் பரவலாக நிற்கும் சுமைக்கான கணக்கு என்பதால், உத்திரத்துக்கு மேலாகச் சுவரை ஒட்டி வைக்கும் ஒரு 4 அடித் தொட்டிக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை; அறையின் நடுவில் வைக்க நினைப்பவரும், 6 அடித் தொட்டிக்கு ஆசைப்படுபவரும் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

அளவு முடிவானதும், வளர்ந்த மீனின் நீளத்தைத் தெரிந்துகொண்டு, அகலம் அதைவிட ஒன்றரை மடங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டியின் நீள அகலத்தைச் சுண்ணக்கட்டியால் வீட்டுத் தரையில் வரைந்து ஓரிரு நாள் அதைச் சுற்றி நடந்து பார்ப்பது என் வழக்கம். கதவு திறக்கிறதா, பிளக் எட்டுகிறதா, வெயில் நேராக விழுகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். லிஃப்டின் உள்ளளவையும் மாடிப்படித் திருப்பத்தையும் அதே டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 4 அடித் தொட்டி எப்படியும் மேலே வந்துவிடும். 6 அடித் தொட்டி பல குடியிருப்புகளில் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட இடங்களில் கண்ணாடிகளைத் தனித்தனியாக ஏற்றிவந்து வீட்டுக்குள்ளேயே ஒட்டித் தர ஒப்புக்கொள்பவரைப் பிடிக்க வேண்டும். ஒட்டிய சிலிகான் நன்றாக இறுகும்வரை ஒரு வாரமாவது பொறுத்து, பிறகு மீன் இல்லாமல் தண்ணீரை மட்டும் நிரப்பி, மூலைகளில் கசிவு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.